வலையை அச்சடித்துத் தராதீர்கள், வரைய விடுங்கள்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கணிதப் பாடநூல் எழுதும் குழுவினருக்கும், வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும், விடைக்குறிப்பு எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

முப்பரிமாண உருவங்களின் வலைகள், அதாவது மடித்தால் அந்த உருவமாகிவிடும் தட்டையான படங்கள், என்ற பாடத்தைப் பற்றித்தான் இந்த மடல். பல நூல்களில் அது இரண்டு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு கனச்சதுரம், பக்கத்தில் சிலுவை வடிவில் ஆறு சதுரங்கள், கீழே "பின்வருவனவற்றுள் எது கனச்சதுரமாக மடியும்?" என்று நான்கு படங்கள். மாணவர் ஒன்றுக்கு டிக் அடிக்கிறார். அடுத்து ஒரு செயல்பாடு: அச்சடித்த வலையை வெட்டி ஒட்டவும். அத்துடன் சரி. அடுத்த வகுப்பில் புறப்பரப்பு என்ற அத்தியாயம் வரும்போது சூத்திரங்கள் வானத்திலிருந்து குதித்த மாதிரி வந்து நிற்கின்றன. அங்கே வலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். வலையைப் படமாகக் காட்டி அடையாளம் காணச் சொல்வதைக் குறையுங்கள். உருவத்தின் அளவுகளைக் கொடுத்து, அதன் வலையை மாணவரே வரையும்படி பாடத்தை அமையுங்கள். அளவுகோலும் கவராயமும் கோணமானியும் கையில் இருக்கட்டும். புறப்பரப்புச் சூத்திரம் அந்தப் படத்திலிருந்து வரட்டும்.

கனச்சதுரத்திலிருந்தே தொடங்குகிறேன். ஆறு சதுரங்களை விளிம்போடு விளிம்பு பொருந்தச் சேர்த்தால் 35 வடிவங்கள் கிடைக்கும். திருப்பியோ புரட்டியோ பார்த்தால் ஒன்றாகிவிடுபவற்றை ஒன்றாக எண்ணினால் இந்தக் கணக்கு. இந்த 35இல் 11 மட்டுமே கனச்சதுரமாக மடியும். நூல்களில் சிலுவை கட்டாயம் வரும், மிஞ்சிப் போனால் இன்னும் இரண்டு வரும். பதினொன்றையும் பட்டியல் போட்டுக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது இன்னும் மோசம், மனப்பாடம் செய்துவிடுவார்கள். கட்டத்தாளைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். தேடத் தேட வகைகள் பிரிவது தெரியும். நான்கு சதுர வரிசைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்ற வகையில் 6 வலைகள். மூன்று சதுர வரிசைக்கு ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்ற வகையில் 3. இரண்டிரண்டாகப் படிக்கட்டு போல இறங்குவது 1. மும்மூன்றாக இரண்டு வரிசை, மேல் வரிசையின் கடைசிச் சதுரத்துக்கு நேர் கீழே அடுத்த வரிசையின் முதல் சதுரம் என்று அமைவது 1. இனி வேறு இல்லை என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல வாதம் ஒன்று வகுப்பிலேயே நடக்கும்.

மடியாத 24ஐப் பற்றி நூல்கள் ஒன்றும் சொல்வதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறை. தவறான வலை ஏன் தவறு என்று கேட்கும் இடத்தில்தான் வடிவவியல் இருக்கிறது. உதாரணமாக, நான்கு சதுரங்கள் ஒரு புள்ளியைச் சுற்றி இரண்டுக்கு இரண்டாக அமைந்தால் அது ஒருபோதும் கனச்சதுரத்தின் வலை ஆகாது. ஏன்? கனச்சதுரத்தின் ஒவ்வொரு முனையிலும் மூன்று சதுரங்களே கூடுகின்றன, மொத்தம் 270 பாகை. தாளில் அந்தப் புள்ளியைச் சுற்றி 360 பாகையும் நிரம்பிவிட்டால் முனை எழும்ப இடமே இல்லை. அந்த இடம் தட்டையாகவே கிடக்கும். முனை எழும்ப 90 பாகை குறைய வேண்டும்.

இந்தக் "குறையும் பாகை" என்ற எண்ணத்தைப் பிடித்துக்கொண்டால் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம். கனச்சதுரத்துக்கு 8 முனைகள், ஒவ்வொன்றிலும் 90 பாகை குறைகிறது, மொத்தம் 720. ஒழுங்கு நான்முகியில் 4 முனைகள், ஒவ்வொன்றிலும் மூன்று சமபக்க முக்கோணங்கள், அதாவது 180 பாகை போக 180 குறைகிறது. மறுபடியும் 720. ஒழுங்கு எண்முகியில் 6 முனைகள், ஒவ்வொன்றிலும் 120 குறைகிறது. அதுவும் 720. தட்டையான முகங்களால் மூடிய உருவம்தான் பன்முகி; குழிவில்லாத எந்தப் பன்முகியை எடுத்தாலும் இதே எண்தான் வரும். 17ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் டெக்கார்ட் கண்ட முடிவு இது. கத்தரிக்கோலும் கோணமானியும் வைத்திருக்கும் மாணவர் இதைத் தானே எட்டிவிட முடியும், நிரூபணம் பிறகு வரட்டும்.

அடுத்தது ஒட்டு மடிப்புகள். வலையை வரைந்தபின் ஒட்டுவதற்கு ஓரத்தில் விடும் அந்தச் சிறு பட்டைகளைத்தான் சொல்கிறேன். அச்சடித்த வலையில் அவை ஏற்கெனவே இருப்பதால் யாரும் அவற்றைப் பற்றி யோசிப்பதில்லை. தானே வரையும் மாணவருக்கு மட்டும் கேள்வி எழும்: எத்தனை பட்டைகள் வேண்டும், எந்தெந்த ஓரத்தில்? எல்லா ஓரத்திலும் வைத்தால் பட்டையோடு பட்டை மோதும். கனச்சதுரத்துக்கு 7 போதும், 11 வலைகளில் எதை எடுத்தாலும் 7தான். காரணம் எளிது. ஆறு முகங்கள் ஒரே துண்டாக இருக்க வேண்டுமென்றால் 5 விளிம்புகள் வெட்டாமல் மடிப்பாக நிற்க வேண்டும். மொத்த விளிம்புகள் 12, ஆகவே வெட்டியவை 7. ஒவ்வொரு வெட்டும் தாளில் இரண்டு ஓரங்களைத் தருவதால் சுற்றளவு எப்போதும் விளிம்பின் 14 மடங்கு. வடிவம் எவ்வளவு மாறினாலும் பதினொன்றுக்கும் ஒரே சுற்றளவு என்பதை வரைந்து அளந்து பார்க்கும் பிள்ளைகள் முதலில் நம்ப மாட்டார்கள்.

பொதுவாகப் பார்த்தால், மடிப்பாக நிற்கும் விளிம்புகள் முகங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. வெட்டுகள் எல்லா முனைகளையும் தொட வேண்டும், தொடாத முனை தட்டையாகாது. வெட்டுகள் சுற்றி வந்து மூடிக்கொள்ளவும் கூடாது, மூடினால் ஒரு துண்டு தனியே கழன்று விழும். ஆகவே வெட்டிய விளிம்புகள் முனைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. இரண்டையும் கூட்டுங்கள்: முனைகளும் முகங்களும் சேர்ந்த எண்ணிக்கையில் இரண்டைக் கழித்தால் விளிம்புகளின் எண்ணிக்கை. 1750இல் கணித அறிஞர் ஆய்லர் ஒரு கடிதத்தில் எழுதிய அதே தொடர்பு! நூல்களில் அட்டவணை போட்டுச் சரிபார்க்கச் சொல்கிறோமே, அதன் காரணம் ஒட்டு மடிப்பை எண்ணும் வேலைக்குள்ளேயே இருக்கிறது.

இனி வளைந்த பரப்புகள். இங்கே உங்கள் ஓவியர்கள்மேல் கொஞ்சம் கோபம் உண்டு.

உருளையின் வலை என்று ஒரு செவ்வகமும் மேலும் கீழும் இரண்டு வட்டங்களும் வரைகிறார்கள். அந்தச் செவ்வகத்தின் நீளம் வட்டத்தின் விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். அச்சில் பார்க்கும் பல படங்களில் அது இரண்டு மடங்குகூட இருப்பதில்லை. அதை நகலெடுத்து வெட்டினால் வட்டம் குழாய்க்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். படம் "மாதிரி" தானே என்று சொல்லலாம். ஆனால் வளைபரப்புக்கு வட்டத்தின் சுற்றளவை உயரத்தால் பெருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டிய படமே சுற்றளவைப் பொய்யாகக் காட்டினால் என்ன பயன்? ஆரம் 3.5 செ.மீ., உயரம் 10 செ.மீ. என்று கொடுத்து வரையச் சொல்லுங்கள். செவ்வகத்தின் நீளம் ஏறத்தாழ 22 செ.மீ. வரும். 7 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குப் பக்கத்தில் 22 செ.மீ. நீளக் கோட்டை இழுத்துப் பார்த்த கை வளைபரப்பை எளிதில் மறக்காது.

உருளையை நேராகத்தான் வெட்ட வேண்டும் என்றும் இல்லை. தாள் சுற்றி வரும் அட்டைக் குழாயைப் பாருங்கள், ஒட்டு சுருளாக ஓடும். அந்த ஒட்டு வழியே பிரித்தால் செவ்வகத்துக்குப் பதிலாக இணைகரம் கிடைக்கும், பரப்பு மாறாது. குழாயின் ஒரு முனையைச் சாய்வாக அறுத்துவிட்டு நீளவாக்கில் பிரித்து விரித்தால் அந்த ஓரம் சைன் வளைவாக விரியும். மேல் வகுப்பு நூலில் இதற்கு ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடலாம்.

கூம்புதான் உண்மையான சோதனை. உயரம் 4 செ.மீ., அடி ஆரம் 3 செ.மீ. என்று கொடுத்து வலையை வரையச் சொன்னால் பலர் கவராயத்தை 4 செ.மீ.க்குத்தான் விரிப்பார்கள். சாயுயரம், அதாவது உச்சியிலிருந்து அடிவட்டத்தின் ஓரம் வரை சாய்வாக அளக்கும் நீளம், என்ற சொல்லை அவர்கள் படித்திருப்பார்கள், சூத்திரத்தில் பயன்படுத்தியும் இருப்பார்கள். ஆனாலும் அது தாளில் எங்கே உட்காரும் என்று தெரியாது. கூம்பின் வளைபரப்பை வெட்டி விரித்தால் வரும் வட்டத்துண்டுதான் வட்டக்கோணப்பகுதி; அதன் ஆரம் சாயுயரம்தான், இங்கே 5 செ.மீ. சரி, கோணம்? வில்லின் நீளம் அடிவட்டத்தின் சுற்றளவுக்குச் சமமாக வேண்டும். முழு வட்டத்தின் ஆரம் 5, தேவைப்படும் சுற்றளவு ஆரம் 3 உடைய வட்டத்தினுடையது. எனவே முழு வட்டத்தில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 216 பாகை. அரை வட்டத்தைவிடப் பெரிது. நூல்களில் வரும் கூம்பு வலை எப்போதும் விசிறி போல ஒடுங்கியே இருப்பதால் 216 என்ற விடையைப் பார்த்ததும் கணக்குத் தப்பு என்று அழித்துவிடும் மாணவர்கள் உண்டு.

இப்போது பரப்பு. ஆரம் 5 உடைய வட்டத்தில் ஐந்தில் மூன்று பங்கு என்றால் 25 பையில் ஐந்தில் மூன்று, 15 பை. அது அடி ஆரத்தையும் சாயுயரத்தையும் பெருக்கிய 3 × 5தான். சூத்திரத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, வலை சொல்லிவிட்டது. சாயுயரம் அடி ஆரத்தைப் போல இரு மடங்கானால் வலை சரியாக அரை வட்டமாகும். கூம்பு தட்டையாகத் தட்டையாகக் கோணம் 360ஐ நெருங்கும். இந்த இரண்டையும் வினாவாகக் கேட்கலாமே. உச்சியை வெட்டி எடுத்த கூம்பான இடைக்கண்டத்துக்கும் இதே கதைதான். பெரிய வட்டக்கோணப்பகுதியிலிருந்து சிறியதைக் கழித்தால் வலை வந்துவிடும். தகரத்தில் புனலும் வாளியும் செய்பவர்கள் வெட்டுவதும் இந்த வடிவத்தைத்தான்.

பிரமிடிலும் அதே இடத்தில்தான் தடுமாற்றம். அடிப்பக்கம் 6 செ.மீ., உயரம் 4 செ.மீ. உடைய சதுரப் பிரமிடுக்கு, முக்கோணங்களின் உயரம் 4 அல்ல, 5. சதுரத்தின் பக்க நடுப்புள்ளியில் செங்குத்து எழுப்பி 5 செ.மீ. அளந்தால் முக்கோணம் தயார். ஒரு முக்கோணம் 15, நான்கும் 60, அடி 36, மொத்தம் 96 சதுர செ.மீ. அந்த 5ஐ 3 ஆக்கினால் என்ன ஆகும் என்று கேட்டால் வகுப்பு கலகலப்பாகிவிடும். நான்கு முக்கோணங்களும் உள்நோக்கி மடிந்து சதுரத்தின்மேல் அச்சாகப் படுத்துக்கொள்ளும், பிரமிடே எழாது. 3க்கும் கீழே போனால் உச்சிகள் சந்திக்கவே மாட்டா.

முக்கோணப் பட்டகத்தைப் பற்றி ஒரு வரி போதும்: அடிமுக்கோணம் 3, 4, 5 என்று கொடுங்கள், மூன்று செவ்வகங்களையும் ஒரே அகலத்தில் வரைபவர் யார் என்று உடனே தெரிந்துவிடும்.

புறப்பரப்பு மட்டும்தான் வலையின் பயன் என்று நினைத்துவிட வேண்டாம். 3, 4, 5 செ.மீ. அளவுள்ள கனச்செவ்வகத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு எறும்பு பரப்பின் வழியே போக வேண்டும். எது குறுகிய வழி? வலையை விரித்து நேர்கோடு இழுத்தால் விடை. ஆனால் எந்த வலை? இரண்டு முகங்களை விரிக்க மூன்று விதங்கள் உண்டு. 3ஐயும் 4ஐயும் கூட்டி 5உடன் செங்கோண முக்கோணம் அமைத்தால் 74இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 8.6. மற்ற இரண்டில் 80, 90 ஆகியவற்றின் வர்க்கமூலங்கள். ஆக, ஒரே உருவத்துக்குப் பல வலைகள் இருப்பது இங்கே விடையையே மாற்றுகிறது. சிலுவை வலையை மட்டும் பழகியவர் முதலில் கண்ணில் படும் கோட்டோடு நின்றுவிடுவார்.

இதில் உச்சம் ஆங்கிலேயப் புதிர் வல்லுநர் ஹென்றி டியூட்னி 1903இல் வெளியிட்ட சிலந்திப் புதிர். அறை 30 அடி நீளம், 12 அடி அகலம், 12 அடி உயரம். ஒரு கடைசிச் சுவரின் நடுவில், கூரையிலிருந்து 1 அடி கீழே சிலந்தி. எதிர்ச் சுவரின் நடுவில், தரையிலிருந்து 1 அடி மேலே ஈ. நேராகக் கூரை வழியே போனால் 1, 30, 11 கூட்டி 42 அடி. ஆனால் இரண்டு கடைசிச் சுவர்களோடு கூரை, பக்கச் சுவர், தரை என்று ஐந்து முகங்களைத் தொடும்படி வலையை விரித்தால் 32, 24 பக்கங்களுடைய செங்கோண முக்கோணத்தின் கர்ணமாகப் பாதை அமையும். அது சரியாக 40. ஆறு பரப்பில் ஐந்தைத் தொட்டுப் போவது குறுக்கு வழி! பிதாகரஸ் தேற்றப் பயிற்சியில் ஏணிக் கணக்கு பத்துக்கு நடுவே இதற்கு ஓர் இடம் கிடைக்காதா?

விடைக்குறிப்பு எழுதுபவர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. "கனச்சதுரத்தின் வலை ஒன்றை வரைக" என்ற வினாவுக்குச் சிலுவையை மட்டும் விடையாகப் போட்ட குறிப்பை நான் பார்த்திருக்கிறேன். படிக்கட்டு வலையை வரைந்த மாணவருக்கு மதிப்பெண் போயிற்று. திருத்துபவரைக் குறை சொல்ல முடியாது, கையில் கொடுத்ததைத்தான் அவர் பார்ப்பார். "மடித்தால் உருவம் வரும் எந்த வலைக்கும் முழு மதிப்பெண்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கூடவே அளவுக்கும் மதிப்பெண் கொடுங்கள். பொருந்த வேண்டிய ஓரங்கள் சமமாக இருக்கின்றனவா என்பதுதான் நல்ல வலைக்கும் கிறுக்கலுக்கும் உள்ள வித்தியாசம்.

நேரம் இல்லை என்பீர்கள். கூம்புக்கும் உருளைக்கும் பிரமிடுக்கும் சூத்திரங்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வைத்து, எதில் உயரம் எதில் சாயுயரம் என்று ஆண்டு முழுவதும் திருத்திக்கொண்டிருக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்த்தீர்களா? திரையில் வலை தானாக மடியும் அசைபடங்கள் இருக்கின்றனவே என்பதும் அடிக்கடி கேட்கும் பதில். நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே எந்த விளிம்பை வெட்டுவது என்ற முடிவைக் கணினி எடுத்துவிடுகிறது, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. முதலில் தாளில் வரையட்டும், தன் வலை மடியுமா என்று சொல்லட்டும், அப்புறம் திரையில் சரிபார்க்கட்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், கனச்சதுரத்துக்கும் முன்னால் ஒழுங்கு நான்முகியை வைக்கச் சொல்வேன். அதற்கு இரண்டே வலைகள்: நடுப்புள்ளிகளை இணைத்த பெரிய சமபக்க முக்கோணம் ஒன்று, நான்கு முக்கோணங்கள் வரிசையாக நிற்கும் பட்டை ஒன்று. பத்து நிமிடத்தில் இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம், முழுவதும் தேடி முடித்த திருப்தியும் கிடைக்கும். எண்முகிக்குக் கனச்சதுரத்தைப் போலவே 11. பன்னிருமுகிக்கும் இருபதுமுகிக்கும் ஆளுக்கு 43,380, அதைத் தேடச் சொல்ல வேண்டாம்.

கோளத்துக்கு வலை கிடையாது என்பதையும் நூலில் சொல்லிவிடுங்கள். எப்படி வெட்டினாலும் கோளப் பரப்பின் துண்டு நீட்சியோ சுருக்கமோ இல்லாமல் தட்டையாகாது. 1820களின் இறுதியில் கணித அறிஞர் காஸ் வெளியிட்ட தேற்றத்தின் விளைவு அது, எல்லா உலகப் படங்களும் எங்காவது அளவில் பிசகுவதும் அதனால்தான். கூடவே, தீராத கேள்வி ஒன்றையும் பிள்ளைகள் பார்வையில் வையுங்கள். பன்முகிகளின் வலைகளை 1525இல் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் நூலில் வரைந்து அச்சிட்டார். குழிவில்லாத ஒவ்வொரு பன்முகியையும் அதன் விளிம்புகள் வழியே வெட்டி, முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒரே துண்டாக விரிக்க முடியுமா என்று 1975இல் கணித அறிஞர் ஜெஃப்ரி ஷெப்பர்ட் கேட்டார். விடை இன்னும் யாருக்கும் தெரியாது. தாளும் கத்தரியும் வைத்துப் புரிந்துகொள்ளக்கூடிய, தீராத கணக்குகள் பள்ளிப் பாடத்தில் வேறு எத்தனை இருக்கின்றன?

அடுத்த பதிப்புக்கும் அடுத்த தேர்வுக்கும் உதவட்டும் என்று மாதிரி வினா ஒன்றை இணைக்கிறேன். நீங்களே முதலில் போட்டுப் பாருங்கள்.

30 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் உள்ள செவ்வக அட்டை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஒரே துண்டாக வெட்டி, 6 செ.மீ. விளிம்புள்ள மூடிய கனச்சதுரம் செய்ய வேண்டும். ஒட்டுவதற்குப் பசைநாடா உண்டு, மடிப்புப் பட்டை தேவையில்லை. சதுரங்களின் ஓரங்கள் அட்டையின் ஓரங்களுக்கு இணையாக இருக்க வேண்டும். (அ) சிலுவை வடிவ வலை இந்த அட்டையில் அடங்குமா? காரணம் கூறுக. (ஆ) அடங்கக்கூடிய வலையை அளவுகளுடன் வரைக. (இ) மீதமாகும் அட்டையின் பரப்பு என்ன? அதிலிருந்து 6 செ.மீ. பக்கமுள்ள சதுரங்கள் எத்தனை கிடைக்கும், அவற்றைத் துண்டு துண்டாக ஒட்டி இன்னொரு கனச்சதுரத்தின் எத்தனை முகங்களை மூடலாம்?

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்